மறுமொழி: ‘ஆவி சுருங்குதல்’ – சிறு வகுப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர் சுழற்சிப் பாடத்துக்காக இங்கே பேசிவரும் கலைச்சொல் பட்டியலில் ஆவியாதல், நீராவிப்போக்கு (செடிகள் இலை வழியே நீரை ஆவியாக விடுவது), பொழிவு (மழை போல மேகத்திலிருந்து நீர் விழுவது) மூன்றும் அப்படியே இருக்கட்டும். நீராவி குளிர்ந்து நீராவதைக் குறிக்கும் ‘ஆவி சுருங்குதல்’ (condensation) மட்டும் சிறு வகுப்புகளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் ‘துளியாதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சுருங்குதலில் பொருட்பிழை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து முழுக்க ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். குளிர்ந்து நீரானால் மறுபடி ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை இதைக் கண்ணால் பார்ப்பதில்லை. சேலத்துப் பிள்ளைகள் பார்ப்பது சேர்வராயன் மலையை.

மழைக்காலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் நின்று பார்த்தால் மலை உச்சி மறைந்திருக்கும். ‘மேகம் இறங்கியிருக்கு’ என்போம். உண்மையில் காற்றுதான் ஏறியிருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், மலைமேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மலையில் மோதும் ஈரக்காற்று சரிவோடு மேலே போகிறது. போகப்போக அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்கிறது. போதுமான அளவு குளிர்ந்ததும், அதிலுள்ள நீராவி கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. இந்த இடத்தில் போய் ‘காற்று விரிகிறது, ஆவி சுருங்குகிறது’ என்று ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? ‘காற்று ஏறுது, குளிருது, ஆவி துளியாகுது’ என்றால் அதுவே திருப்பிச் சொல்லும். ஆவியாதல், துளியாதல் என்று இரண்டும் ஜோடியாக மனதில் நிற்பது இன்னொரு வசதி.

‘திரவமாதல்’ என்ற யோசனையும் வந்திருந்தது. பனிக்கட்டி உருகினாலும் திரவம்தானே ஆகிறது? ‘துளிர்த்தல்’ அழகான சொல், நெற்றியில் வியர்வை துளிர்க்கிறது என்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குச் செடிதான் நினைவுக்கு வரும்.

‘துளி என்றால் மழை என்று நினைத்துவிடுவார்களே’ என்ற தடை நியாயமானது. அதையே பாடமாக்கலாம் என்று நினைக்கிறேன். மேகத்துளியின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவுதான். அப்படிப்பட்ட துளிகள் சுமார் 10 லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. துளியாதல், துளி சேர்தல், பொழிவு என்று படிகளைப் பிரித்துவிட்டால் மேகம் வந்தும் மழை பெய்யாத நாள் ஏன் என்பது தானாகப் புரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மூடுபனி நாளன்று மழையே இல்லாமல் சில்வர் ஓக் மரங்கள் சொட்டுவதும் துளி சேர்வதால்தான்.

அப்புறம், ‘ஆவி’ என்ற சொல்லையே கவனிக்க வேண்டும். இட்லிப் பானையிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதை வீட்டில் ஆவி என்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெண்மை ஏற்கெனவே துளியான நீர். கொதிக்கும் கெண்டியின் மூக்கை ஒட்டிக் கொஞ்சம் இடம் தெளிவாக இருக்கும், அதைத் தாண்டித்தான் வெண்மை தொடங்கும். ஆசிரியர் செய்து காட்டட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

ஆறாம் வகுப்பு முதல் ‘துளியாதல் அல்லது ஆவி சுருங்குதல்’ என்று இரண்டையும் சேர்த்து அச்சிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் கண்டென்சருக்கு (குளிரூட்டும் வாயு திரவமாகும் பகுதி) மட்டும் என் சொல் பொருந்தாது. அங்கே தண்ணீரும் இல்லை, துளியும் முக்கியமில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம். தொடக்கப் பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் ‘துளியாதலை’ வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.