வகை மோப்பமா, வகைக் கணிப்பா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வழங்கி (சர்வர்) அனுப்பும் கோப்பின் உள்ளடக்கத்தை உலாவி தானே பார்த்து அதன் வகையை முடிவு செய்வதை ஆங்கிலத்தில் 'ஸ்னிஃபிங்' என்கிறார்கள். இதற்கு 'மோப்பம்' என்ற சொல் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான்; ஆயினும் கலைச்சொல் பட்டியலில் அதைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் உரைக்கோப்பைத் திரையில் காட்டுவதா, பதிவிறக்குவதா என்று உலாவி தீர்மானிக்கும் இடத்தில்தான் இச்சொல் அதிகம் தேவைப்படுகிறது என்பதால், அங்கு நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டைக் கொண்டே உலாவி முடிவெடுப்பதாகச் சில மடல்கள் கருதுகின்றன. பின்னொட்டைப் பார்ப்பது பெரும்பாலும் வழங்கிதான். அது தன் அட்டவணைப்படி ஒரு வகையைத் தேர்ந்து 'கன்டென்ட்-டைப்' என்னும் தலைப்பு வரியில் அறிவிக்கிறது. அவ்வரியில் 'டெக்ஸ்ட்/பிளெயின்' (வெற்றுரை) என்றிருந்தால் உலாவி காட்டும். 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' (வகை குறிப்பிடாத பைட்டுத் தொடர்) என்றிருந்தால், கோப்பின் பெயர் எதுவாயினும் பதிவிறக்கும். 'டெக்ஸ்ட்' என்று தொடங்கும் வகைகள் எல்லாம் திரைக்கு வந்துவிடும் என்றும் கொள்ள முடியாது: 'டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' என்று அறிவித்து அனுப்பும் கோப்பை குரோம் பதிவிறக்கவே செய்கிறது.

வழங்கியின் அறிவிப்பை அப்படியே நம்ப முடிந்திருந்தால் இந்தச் சொல்லுக்கே தேவை எழுந்திருக்காது. அப்பாச்சி வழங்கி நெடுங்காலம் தனக்கு வகை தெரியாத கோப்புகளையும் 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்றே அறிவித்து வந்ததால், சுருக்கக் கோப்புகளும் நிகழ்படங்களும் பொருளற்ற எழுத்துக் குப்பையாகத் திரையில் கொட்டின. அதற்கு மாற்றாக உலாவிகள் கையாண்ட வழியை வலைச் செந்தரங்களை வகுக்கும் 'வாட்டபிள்யூஜி' அமைப்பின் செந்தரம் இன்று விதியாகவே வகுத்திருக்கிறது. 'டெக்ஸ்ட்/பிளெயின்' அறிவிப்பை அவ்வழங்கி வழக்கமாக எழுதி அனுப்பிய நான்கு வடிவங்களில் ஒன்றாக, வந்த அறிவிப்பு அமைந்திருந்தால் மட்டுமே, கோப்பின் தொடக்கத்திலிருந்து 1445 பைட்டுகள் வரை பார்க்கப்படும். யூனிகோடு குறிமுறையைக் காட்டும் தொடக்கக் குறி இருப்பின் கோப்பு உரை. அது இல்லாமல், உரையில் வரக்கூடாத கட்டுப்பாட்டு பைட் ஒன்றேனும் தென்பட்டால் கோப்பு இருமத் தரவு (உரையல்லாதது), ஆகவே பதிவிறக்கம்.

இவ்விதி தமிழை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. யூனிகோடை எழுதும் முறைகளில் ஒன்றான யூ.டி.எஃப்-16 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் இரண்டு பைட்டுகளாக அமைகிறது. அவற்றில் உயர் பைட்டின் மதிப்பு எப்போதும் 11. அந்த 11 செங்குத்துத் தத்தல் என்னும் பழைய கட்டுப்பாட்டுக் குறியின் எண் என்பதால், விலக்கப்பட்ட பைட்டுகளின் வரிசையில் இருக்கிறது. எனவே தொடக்கக் குறி இல்லாத யூ.டி.எஃப்-16 தமிழ்க் கோப்பை வழங்கி வெறுமனே 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்று அனுப்பினால், விதிப்படி அதன் முதல் எழுத்திலேயே அது இருமத் தரவாகிவிடும். யூ.டி.எஃப்-8 கோப்பில் இச்சிக்கல் எழாது. பழைய தமிழ்க் குறிமுறையான திஸ்கியில் அமைந்த கோப்புகளும் தப்பிவிடும். அவற்றின் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் இருப்பதால் அவை காட்டப்படும், படிக்கத்தான் முடியாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். வலையமைப்பில் செல்லும் பொதிகளை இடையில் நின்று ஒட்டுக்கேட்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான் வழங்குகிறது. பாதுகாப்பு பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது, இரண்டையும் 'மோப்பம்' என்றால் படிப்பவர் தடுமாறுவார். ஒட்டுக்கேட்பதில் உள்ள கள்ளத்தனமும் இங்கே கிடையாது. தனக்கு அனுப்பப்பட்டதைத்தான் உலாவி திறந்து பார்க்கிறது. மாற்றாக வந்த 'ஊகம்' இன்னும் தளர்ந்த சொல். ஒரே விதியைப் பின்பற்றும் இரண்டு உலாவிகள் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்னும்போது அதை ஊகம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 'வகைக் கணிப்பு' என்பதை முன்மொழிகிறேன். கணிப்பு என்றால் வருங்காலத்தைச் சொல்வது என்ற மறுப்பு எழக்கூடும். நாடி பிடித்து நோயைக் கணித்தார் என்கிறோம்; அங்கே கையில் கிடைத்த அடையாளத்திலிருந்து இப்போது உள்ள நிலையைத்தான் தெளிகிறோம். செந்தரமும் வழங்கி தந்த வகை, கணக்கிட்டுப் பெற்ற வகை என்று இரண்டாகப் பிரிப்பதால், 'அறிவித்த வகை', 'கணித்த வகை' என்ற இணை அதற்கு நன்கு பொருந்துகிறது. 'மோந்த வகை' என்று எழுத யாருக்கும் கை வராது.

உலாவி தானே வகையை முடிவு செய்ய வேண்டாம் என்று வழங்கி இடும் 'நோஸ்னிஃப்' என்பதற்கும் இதே வேரிலிருந்து 'கணிப்புத் தடை' கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2008-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-ஐ ஒட்டி இதை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய பதிப்புகள், வெற்றுரை என்று அறிவித்த கோப்பிலும் எச்.டி.எம்.எல். குறிகளைக் கண்டால் அதை வலைப்பக்கமாகவே இயக்கின. பயனர்கள் கோப்பேற்றும் தளங்களில் தீய நிரல்களை நுழைக்க அது வழிவிட்டது.

கோப்பை என்ன செய்ய வேண்டும் என்று வழங்கி சொல்லும் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' தலைப்பு வரியின் 'இன்லைன்', 'அட்டாச்மென்ட்' என்னும் இரண்டு மதிப்புகளுக்கு முன்மொழிந்த 'உள்வரி', 'இணைப்பு' ஆகியவற்றையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். அம்மதிப்புகள் மின்னஞ்சலுக்காக உருவானவை. அங்கே 1997-இன் இணையச் செந்தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 2183 அவற்றை வரையறுத்தது. வலைக்கான வரையறையான ஆர்.எஃப்.சி. 6266 வெளிவந்தது 2011-இல். அஞ்சலில் மடலோடு கோப்பு இணைகிறது. வலையில் இணைவதற்கு மடலே இல்லை. போதாக்குறைக்கு, தொடுப்பையும் வலைத்தொடர்பையும் நாம் ஏற்கெனவே 'இணைப்பு' என்கிறோம். இம்மதிப்புகள் உலாவிக்கு இடும் பணிப்புகள் என்பதால் வியங்கோளே தகும்: 'காட்டுக', 'இறக்குக'. இரண்டாவதைக் கண்ட உலாவி, வகை எதுவாயினும், கோப்பைப் பதிவிறக்கும்.

அந்த வரியின் பெயருக்கு 'கையாள்முறை' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன்; அது எனக்கே நிறைவாக இல்லை. 'காட்டுக', 'இறக்குக' இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் சுருக்கமான சொல் இருந்தால் உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.