சின்ன வீடியோ ஓடுது, பெருசு பாதியில நிக்குது: பைதான்ல இருந்து எஃப்எஃப்எம்பெக்

கேட்டவர்:
ஒரு ஃபோல்டர்ல இருக்கிற வீடியோ எல்லாத்தையும் எம்பி4-ஆ மாத்தி, ஒவ்வொண்ணும் எத்தனை விநாடின்னு சிஎஸ்வில (காற்புள்ளி போட்ட பட்டியல் ஃபைல்) எழுதணும். பைதான்ல இருந்து வேற புரோகிராமை ஓட்டுற சப்பிராசஸ் பிஓப்பன்ல, வீடியோ மாத்துற எஃப்எஃப்எம்பெக்கைக் கூப்பிடுறேன். அது நிலவரமும் பிழையும் எழுதுற ஸ்டாண்டர்ட் எரருக்குப் பைப் (ஸ்கிரிப்டுக்கு வர்ற குழாய்) குடுத்து, முடியுற வரை காத்திருக்க வெயிட் போட்டு, முடிஞ்சதும் அதைப் படிச்சு, நீளம் சொல்ற ‘டியூரேஷன்’ வரியை ரெஜெக்ஸ்ல (எழுத்து வடிவத்தை வச்சுத் தேடுறது) பிடிக்கிறேன். சின்ன கிளிப் எல்லாம் சரியா வருது. ரெண்டு மணி நேர வீடியோ அப்படியே உறைஞ்சிடுது. சிபியு 0, எரரும் இல்ல. அதே கமாண்டை டெர்மினல்ல அடிச்சா கடைசி வரை ஓடுது. ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1:
அவுட்புட் ஃபைல் ஏற்கெனவே இருந்தா மேல எழுதவான்னு கேட்டுக்கிட்டு நிக்கும். கேக்காமலே மேல எழுதச் சொல்ற மைனஸ் ஒய் போட்டீங்களா?

கேட்டவர்:
போட்டிருக்கேன். இன்னொண்ணு கவனிச்சேன்: எந்தப் பெரிய வீடியோவா இருந்தாலும், ஓட ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் பக்கத்துலதான் நிக்குது.

பதில் 2:
ஆறு நிமிஷம்னு சொன்னதுமே புரிஞ்சிடுச்சு. எஃப்எஃப்எம்பெக் அரை விநாடிக்கு ஒரு தடவை ஃப்ரேம், ஸ்பீடுன்னு ஒரு வரியை ஸ்டாண்டர்ட் எரர்ல துப்பும். வரிக்கு 90 பைட்டுன்னு வைங்க, விநாடிக்கு 180. லினக்ஸ்ல பைப் கொள்ளளவு 65,536 பைட். வகுத்துப் பாருங்க, 364 விநாடி. பைப் நிரம்பினதும் யாராவது படிச்சு எடுக்கணும்னு அது காத்திருக்கு. நீங்களோ அது முடியட்டும்னு வெயிட்ல உட்கார்ந்திருக்கீங்க. டெர்மினல்னா வர வர வாங்கிக்கும், அதான் அங்க பிரச்சினை இல்ல. வெயிட்டை எடுத்துட்டு கம்யூனிகேட் போடுங்க, படிச்சுக்கிட்டே காத்திருக்கும். பைதான் ஆவணத்துலயே வெயிட் பக்கத்துல இந்த எச்சரிக்கை இருக்கு, யாரும் படிக்கிறதில்ல (நானும் மாட்டினப்புறம்தான் படிச்சேன்).

அப்புறம் அந்த ரெஜெக்ஸைத் தூக்கிப் போடுங்க. அந்த வரி மனுஷன் கண்ணுக்கு எழுதினது. நீளம் தெரியாத ஃபைல்னா எண்ணுக்குப் பதிலா ‘என்/ஏ’ன்னு வரும், உங்க ஸ்கிரிப்ட் அங்க விழும். எஃப்எஃப்எம்பெக்கோடயே வர்ற, வீடியோ விவரம் சொல்ற எஃப்எஃப்புரோப்ல ஷோ ஃபார்மட் குடுத்து ஜேசனா (புரோகிராம் படிக்க ஏத்த வடிவம்) வாங்குங்க.

கேட்டவர்:
கம்யூனிகேட் போட்டதும் ரெண்டு மணி நேர வீடியோ முழுசா முடிஞ்சுது! ஆனா ஜேசன்ல வந்த நீளங்களைக் கூட்டினா டைப் எரர்.

பதில் 2:
அதுல டியூரேஷன் மேற்கோள் குறிக்குள்ள ஸ்டிரிங்காத்தான் (எழுத்தாத்தான்) வரும். ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாத்திக் கூட்டுங்க. ரிட்டர்ன் கோடு 0-தானான்னும் (0-ன்னா பிழையில்லாம முடிஞ்சுதுன்னு அர்த்தம்) பார்த்துட்டு சிஎஸ்வில எழுதுங்க, இல்லேன்னா பாதி மாறின ஃபைலும் வரிசையில வந்து உட்காரும்.

கேட்டவர்:
ஓடிடுச்சுங்க, நன்றி. ரிட்டர்ன் கோடு பார்த்ததுல பழைய ஃபைல் மூணு உடைஞ்சிருக்கிறது இப்பதான் தெரியுது.