வடக்குத் தெரு உறவுகள் குழு: இளங்கோவின் சாப்பாடு

வள்ளி பெரியம்மா: இளங்கோவுக்குக் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் உறுதி செய்துவிட்டார்கள். நேற்றே மாத்திரை தொடங்கிவிட்டோம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டுமாம். பிள்ளை 44 கிலோதான் இருக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சரவணன் மாமா: தைரியமாக இரு அக்கா. அவனுக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிடு. வீரியமான மாத்திரை, உடம்பில் சூடு ஏறும். முட்டை, மீன், பருப்பு எதுவும் வேண்டாம். கஞ்சியும் ரசமும் போதும்.

இளங்கோ: மாமா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

சரவணன் மாமா: உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன், தம்பி.

கயல்விழி: மாமா, நான் ஆய்வகத்தில் தினமும் பார்க்கும் கிருமி இது. தட்டிலும் டம்ளரிலும் பரவாது. இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இளங்கோ முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், கொஞ்ச நாள் தனி அறையில் படுக்கட்டும். தட்டைப் பிரித்து அவன் மனதை நோகடிக்க வேண்டாம்.

வள்ளி பெரியம்மா: ஆறு மாதம் எதற்கு, கயல்? சளிக் காய்ச்சலுக்கு ஐந்து நாள்தானே கொடுக்கிறார்கள்?

கயல்விழி: இந்தக் கிருமியின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த சுவர் இருக்கிறது, பெரியம்மா. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலம் ஊற்றிக் கழுவுவோம். மற்ற கிருமிகள் சாயத்தை விட்டுவிடும், இது விடாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். வளர்ச்சியும் மிக மெதுவு. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். சில கிருமிகள் உறங்குவதுபோல் ஒடுங்கியும் கிடக்கும். இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் அவை மறுபடி கிளம்பும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

இளங்கோ: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே, கயல்?

கயல்விழி: அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்படாதே. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போ. கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

சரவணன் மாமா: மாத்திரை சரி. சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னதில் என்ன தவறு? 1956-இல் சென்னையில் ஆராய்ச்சி தொடங்கி, சானடோரியத்தில், அதாவது காச நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களும், வீட்டில் எளிய சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஒரே மாதிரி குணமானார்கள் என்று கண்டார்களே. எங்கள் அப்பா அதை அடிக்கடி சொல்வார்.

தேன்மொழி அத்தை: மாமா சொல்லும் ஆராய்ச்சி உண்மை. சேத்துப்பட்டு மையத்தில் நடந்தது, 1959-இல் முடிவு வெளியானது. ஏழைகள் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கே காட்டியது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் "அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லை" என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருந்த காலமெல்லாம் இந்த எண்ணத்தோடுதான் போராடினேன். எலும்பும் தோலுமாக வருபவருக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம்.

தேன்மொழி அத்தை: ஜார்க்கண்டில் காச நோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. 2023-இல் முடிவு வந்தது. உணவுப் பை பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் பாதிக்கும் மேல் குறைவாக இருந்தது. நம் இளங்கோவுக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோவுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் அண்ணி, அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

வள்ளி பெரியம்மா: என்ன கொடுக்கட்டும், சொல்லு. எழுதிக்கொள்கிறேன்.

தேன்மொழி அத்தை: கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீரும் மாவுச்சத்தும்தான். கிருமியோடு போராடும் உடம்பு தசையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது, புரதம் வேண்டும். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவு, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். பருப்பு, சுண்டல் இரண்டு வேளை. மூன்று வேளை இலை நிறையப் போடாதீர்கள், அவனால் முடியாது. ஆறு வேளையாகப் பிரித்து, சோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். பல நாள் பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென்று அளவுக்கு மீறிக் கொடுப்பதும் ஆபத்து, படிப்படியாகக் கூட்டுங்கள்.

வள்ளி பெரியம்மா: மீன்? சூரை மீன் குழம்பு என்றால் உயிரை விடுவான்.

தேன்மொழி அத்தை: சூரை மட்டும் வேண்டாம், அயிலையும் வேண்டாம். ஐஸ் குறைந்த இந்த மீன்களில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும், சமைத்தாலும் போகாது. அதை உடைக்கும் நம் உடலின் நொதியை, அவன் சாப்பிடும் காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் தடுக்கும். முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும். விளமீன் புதிதாகக் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். நரம்பு மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கயல்விழி: வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தீர்களா, பெரியம்மா? உணவுக்காக மாதம் 1000 ரூபாய் அரசு தருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. இன்னொன்று, வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதிக்க வேண்டும். அண்ணனின் குட்டிக்கு நான்கு வயதுதான், அவளைத் தள்ளிப்போட வேண்டாம். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

சரவணன் மாமா: நாளைக் காலை ஒன்பது மணிக்கு வண்டியோடு வருகிறேன். எல்லோரும் தயாராக இருங்கள். வரும் வழியில் ஒரு தட்டு முட்டையும் வாங்கி வருகிறேன், அக்கா. வேறு என்ன வேண்டும்?

இளங்கோ: நிலக்கடலை, மாமா. வறுத்தது.