மாருதி 800-ல் எஸ்டீம் இன்ஜின்: "வெட்டாமல் உட்காரும்" என்று சொன்ன புண்ணியவான் எங்கே?

புழுதிச்சாமி

நேற்று ராத்திரி பக்கத்து இழையில் ஒரு பையன் கேட்டிருந்தான். செம்மண் ஆட்டோகிராஸுக்கு, அதாவது மண் தரையில் கூம்புகளைச் சுற்றி ஓட்டுகிற போட்டிக்கு, சின்ன மாருதி ஒன்றைத் தயார் செய்கிறேன், எந்த இன்ஜினை மாற்றிப் போடலாம் என்று. நல்ல கேள்வி. நம் நாலுசிலிண்டர் அண்ணன் அதற்கு மூன்று வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: "எஸ்டீம் 1300 போடு தம்பி. 800-ல் ஒரு இடம்கூட வெட்டாமல் உட்காரும். ஒரு நாள் வேலை."

படித்ததும் டீ புரையேறிவிட்டது. ஒரு நாள் வேலையாம்!

2012-ல் என் பழைய 800-ல் இதே இன்ஜினை இறக்கியவன் நான். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினோம். 800-க்குள் பிறவியிலேயே இருப்பது எஃப்8பி, மூன்று சிலிண்டர், 796 சிசி. மாருதியின் பெரிய காரான எஸ்டீமில் நாலு சிலிண்டர், 1298 சிசி. இரண்டுமே குறுக்கே படுக்கிற இன்ஜின். ஒரு சிலிண்டர் கூடினால் அந்த நீளம் எங்கே போகும்? பக்கவாட்டில்தான் போகும். இன்ஜின் முனையில் பெல்ட்டைச் சுற்றுகிற கிராங்க் புல்லி நேராகப் போய், பாடியின் பக்கச் சட்டமான சைடு மெம்பரில் முட்டி நின்றது. நடுவே ஒரு தபால் அட்டை நுழையவில்லை. அதற்கு மேலும் இரும்பை வெட்டுகிற கிரைண்டரை எடுக்காமல் வேலையை முடித்த ஆள் யாராவது இருந்தால் இங்கே வந்து சொல்லட்டும், என் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

நாலுசிலிண்டர்

புண்ணியவான் இங்கேதான் இருக்கிறேன். மீசையை இன்றைக்கே மழித்துவிடலாம்.

நான் இரண்டு 800-ல் போட்டிருக்கிறேன். இரண்டிலும் கட்டிங் வீல் பாடியைத் தொடவில்லை. இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டை லேத் பட்டறையில் புதிதாகச் செய்து, இன்ஜினை கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளி உட்கார வைத்தேன். ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினேன். பேட்டரி டிக்கிக்குப் போனது. புல்லி வருகிற இடத்தில் மரக்கட்டை வைத்து நாலு தட்டு. அவ்வளவுதான். இதில் எங்கே வெட்டு?

உங்களுக்கு வெட்ட வேண்டியிருந்தது என்றால் அது இன்ஜினின் குற்றம் இல்லை.

புழுதிச்சாமி

நாலு தட்டு! சைடு மெம்பரை நசுக்கிவிட்டு "தட்டினேன்" என்கிறார். இரும்பு தானாக ஒதுங்கி வழிவிட்டதா? சுத்தியல் எடுத்த நிமிஷமே "வெட்டாமல் உட்காரும்" என்ற பேச்சு முடிந்துபோச்சு.

சரி, இன்னொன்று. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு பக்கம் தள்ளினால் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் அளவு என்ன ஆகும்? ஒரு பக்கம் நீளம் போதாது, மறு பக்கம் மிஞ்சும். அதை என்ன செய்தீர்கள்? கையால் அழுத்திச் சுருக்கினீர்களா?

நாலுசிலிண்டர்

ஷாஃப்டை வெட்டிச் சேர்த்தேன். ஷாஃப்ட் பாடி இல்லையே.

புழுதிச்சாமி

ஆஹா! வெட்டினேன் என்று வாயாலேயே வந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குவாத்தியார்

வெட்டோ ஒட்டோ, முதலில் கணக்கைப் பாருங்கள். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கலக்கிற பழைய 800: சுமார் 650 கிலோ, 37 குதிரை. டன்னுக்கு 57 குதிரை. மாருதி ஜென் காரின் ஜி10பி இன்ஜின் 993 சிசி, 50 குதிரை. அதை 800-ல் போட்டு மொத்தம் 680 கிலோ என்று வைத்துக்கொண்டால் 73 வருகிறது. எஸ்டீம் கார்ப்பரேட்டர் இன்ஜின் 65 குதிரை, வண்டி 700 கிலோ என்றால் 93. காகிதத்தில் எஸ்டீம்தான் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நாம் ஓட்டப்போவது காகிதத்தில் இல்லை, செம்மண்ணில். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, டயர் 145/70 ஆர்12. பெரும்பாலும் இரண்டாவது கியர். கூம்புக்குக் கூம்பு பத்துப் பதினைந்து மீட்டர். அங்கே 65 குதிரையும் சேர்ந்து குழிதான் தோண்டும். தவிர, மூக்கில் எடை கூடினால் வண்டி திரும்ப மறுக்கும். ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் நேராகவே போய்க் கூம்பை விழுங்கும். 800-இன் பிரேக்கோ 12 அங்குல வீலுக்குள் அடங்குகிற சின்ன பிரேக். அதைப் பற்றி இதுவரை ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. என் ஓட்டு ஜி10பிக்கு. முழுக்க அலுமினியம், போர் (சிலிண்டரின் அகலம்) 72, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) வெறும் 61 மில்லிமீட்டர். சளைக்காமல் சுற்றும்.

புழுதிச்சாமி

வாத்தியாரே, கணக்கு பிரமாதம். ஆனால் இந்த இழையின் கேள்வி அது இல்லை. எஸ்டீம் இன்ஜின் 800-ல் வெட்டாமல் உட்காருமா, உட்காராதா?

ரெட்லைன்

65 குதிரை என்று யார் சொன்னது? எஸ்டீமின் ஜி13பி என்றாலே 100 குதிரை. வால்வைத் திறக்க இரட்டை கேம். உலகத்துக்கே தெரியும். தெரியாமல் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஜென் இன்ஜினில் போய் நிற்க வேண்டும்.

கிழட்டுகார்ப்

தம்பி ரெட்லைன், அந்த இரட்டை கேம் வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஜிடிஐ-யில் வந்தது. நம்மூர் எஸ்டீமில் வந்தது ஒற்றை கேம். 1994-ல் கார்ப்பரேட்டரோடு 65 குதிரை, பிற்பாடு பெட்ரோலைப் பீய்ச்சுகிற 16 வால்வு எம்பிஎஃப்ஐ வந்தபோது 85. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காக அண்ணனின் சம்பளத்தைத் தம்பியின் கணக்கில் போடக்கூடாது. சென்னைப் புதுப்பேட்டையில், பழைய பாகக் கடையில் போய் இரட்டை கேம் கேட்டுப் பார், கடைக்காரர் உன்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து ஒற்றை கேமையே விற்றுவிடுவார்.

ரெட்லைன்

இறக்குமதி செய்தால் வரும். வராது என்று நான் சொல்லவில்லையே.

கிழட்டுகார்ப்

வரும் என்றும் நீ சொல்லவில்லை. 100 குதிரை என்று மட்டும்தான் சொன்னாய்.

ஒயர்மேன்

எல்லோரும் இருபது வருஷப் பழைய இன்ஜினுக்கே சண்டை போடுகிறீர்கள். ஆல்டோ கே10-ல் வந்த கே10பி என்ன பாவம் செய்தது? 998 சிசி, 67 குதிரை, மூன்று சிலிண்டர், அலுமினிய பிளாக். மூன்று சிலிண்டர் என்பதால் புழுதிச்சாமி அண்ணனின் புல்லிப் பஞ்சாயத்தே பெரிதாக வராது. ஒன்றே ஒன்று, ஒயரிங்கை முழுசாகத் தூக்கி வர வேண்டும். பாதி ஒயரை வெட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் செத்தீர்கள். சாவியும் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மும் ஜோடி. ஈசிஎம் மட்டும் வாங்கி வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி எழும்பாது. போன மாதம் ஒருவர் அப்படித்தான் மூன்று நாள் பேட்டரியைக் காலி செய்தார். பெட்ரோல் பம்ப்பும் டேங்க்குக்குள்ளேயே வர வேண்டும்.

புழுதிச்சாமி

பாதி ஒயரை வெட்டினால் அது வெட்டு என்று இவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஷாஃப்டை வெட்டினால் மட்டும் வெட்டு இல்லையாம். இந்த நியாயம் எந்த ஊரில் இருக்கிறது?

நாலுசிலிண்டர்

"வெட்டாமல்" என்றால் பாடியை வெட்டாமல். இது ஆட்டோகிராஸ் ஓட்டுகிற குழந்தைக்குக்கூடப் புரியும். உங்களுக்கு மட்டும் அகராதி எடுத்து வந்து காட்டவேண்டும் போலிருக்கிறது.

புழுதிச்சாமி

"ஒரு இடம்கூட" என்று எழுதியது யார்? பாடி என்ற வார்த்தை அதில் இருந்ததா? இல்லை. நான் மறுபடியும் ஒட்டுகிறேன்: "800-ல் ஒரு இடம்கூட வெட்டாமல் உட்காரும்." ஒரு. இடம். கூட.

புதுலைசென்ஸ்

அண்ணா, அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். என் வண்டி 800 இல்லைங்க. 1998 ஜென். கார்ப்பரேட்டர். இன்ஜின் புகை தள்ளுகிறது. அதற்கு என்ன போடலாம் என்றுதான் கேட்டேன்.

நாலுசிலிண்டர்

ஜென்னாக இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் 800-லும் வெட்டாமல் உட்காரும்.

புழுதிச்சாமி

உட்காராது.

கிழட்டுகார்ப்

தம்பி, ஜென்னுக்கு எஸ்டீம் இன்ஜின் அக்கா வீட்டுச் சம்பந்தம் மாதிரி. ஜி10, ஜி13 இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஸ்ட்ரோக் 61-லிருந்து 75.5 ஆகிறது. பிளாக் உயரும். ஏர் ஃபில்டர் டப்பா பானெட்டில் இடிக்கிறதா என்று இன்ஜினை இறக்கியதும் முதலில் பார். களிமண் உருண்டை ஒன்றை மேலே வைத்துப் பானெட்டை மெதுவாகச் சாத்தித் திற. நசுங்கிய உருண்டையில் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுதான் உன் இடைவெளி. அப்புறம் இன்ஜின் ஆடுகிற ஆட்டத்துக்கும் கொஞ்சம் விட வேண்டும். ஸ்டார்ட் கோட்டில் கிளட்ச்சை விடும்போது அது எழுந்து உட்காரும்.

சின்ன இன்ஜின் என்று 796-ஐயும் ஏளனம் செய்யாதே. கோவையில் கரிவரதன் அந்த 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரே செய்தார். 37 குதிரையில் ஓட்டக் கற்றவன் எதையும் ஓட்டுவான்.

ரெட்லைன்

வந்துவிட்டதா கோயம்புத்தூர்ப் பெருமை! இன்னும் இரண்டு பதிவில் சிறுவாணித் தண்ணீர் வரும். நீங்கள் பட்டறை போடுவதற்கு முன்பே சென்னையில் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது.

கிழட்டுகார்ப்

நடந்தது. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்.

ரெட்லைன்

பாதியா? எண்ணிப் பார்த்தீர்களா?

கணக்குவாத்தியார்

இன்னொரு விஷயம். இன்ஜினை மாற்றினால் ஸ்டாக் வகுப்பில் விட மாட்டார்கள். திறந்த வகுப்பில் ஜிப்ஸியோடும் பெரிய இன்ஜின்களோடும் மோத வேண்டி வரும். அதே வண்டியில் காய்கறி வாங்கவும் போவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கிறது. ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் இன்ஜின் நம்பரை மாற்ற வேண்டும். டிரெய்லரில் ஏற்றிப் போவதானால் அது வேறு கதை.

புழுதிச்சாமி

வாத்தியாரே, ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனால்கூட அவர் முதலில் பார்ப்பது பாடியை வெட்டியிருக்கிறதா என்றுதான்.

2012-ல் எங்கள் வண்டிக்கு என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதாவது புரிகிறதா பார்ப்போம். முதலில் நாங்களும் "தட்டி" உட்கார வைத்தோம். ஆமாம், மரக்கட்டை வைத்துத்தான். நின்றிருக்கும்போது அழகாக இருந்தது, சுண்டுவிரல் நுழையும். முதல் ஓட்டம் ஓடினோம். இரண்டாவது ஓட்டத்தில் ஸ்டார்ட்டில் கிளட்ச்சை விட்டதும் "டக்" என்று ஒரு சத்தம். கல் அடித்தது என்று நினைத்து அப்படியே ஓட்டினோம். எஞ்சின் மவுண்ட்டில் ஆடி, புல்லி சைடு மெம்பரில் உரசி, பெல்ட் பிய்ந்துவிட்டது. அந்த பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. நாலாவது கூம்பு தாண்டுவதற்குள் ஹீட் முள் மேலே ஒட்டிக்கொண்டது. ஹெட் கேஸ்கெட் போச்சு. பெல்ட்டைக் கையில் எடுத்தபோது ஒரு ஓரம் முழுக்க நூல் நூலாகத் தொங்கியது. அதற்கப்புறம்தான் கிரைண்டர் எடுத்தோம். வெட்டி, தகடு வைத்து, வெல்டு அடித்து மூடினோம்.

அதனால்தான் சொல்கிறேன். வெட்டாமல் உட்காராது. உட்காரும், ஓடாது.

நாலுசிலிண்டர்

"உட்காரும்" என்று கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. நானும் அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

புழுதிச்சாமி

முழு வரியையும் படிக்கத் தெரியாதவரோடு பேசி என்ன பயன்?

நாலுசிலிண்டர்

படிக்கிறேன். அதே கதையின் ஆரம்பத்தில் ஒரு செயின் பிளாக் வருகிறதே, அது யாருடையது என்று ஏன் எழுதவில்லை? என்னுடையது. ஒரு டன் செயின் பிளாக். "ஞாயிற்றுக்கிழமை தந்துவிடுகிறேன் அண்ணா" என்று வாங்கிப் போனது. எந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஒயர்மேன்

அடப்பாவிகளா, உண்மையான சண்டை இதுதானா!

புழுதிச்சாமி

செயின் பிளாக்கை அடுத்த வாரமே பட்டறைப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். பேச்சை மாற்ற வேண்டாம்.

உங்கள் வெள்ளை 800-இன் பழைய போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது, பானெட் திறந்தபடி. பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லிக்கு நேராக, பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் கோடு போகிறது. அது என்ன அண்ணா, பிறவித் தழும்பா?

நாலுசிலிண்டர்

அது முந்தைய சொந்தக்காரர் எதிலோ இடித்தது. வண்டி வாங்கும்போதே இருந்தது.

புழுதிச்சாமி

இடித்தவர் சரியாகப் புல்லிக்கு நேராகப் பார்த்து இடித்திருக்கிறார். கெட்டிக்காரர்.

புதுலைசென்ஸ்

அண்ணா, ஜென்னுக்கு கிழட்டுகார்ப் ஐயா சொன்னதைச் செய்து பார்க்கிறேன். களிமண் எந்த மாதிரி, பிள்ளையார் செய்கிற மண்ணா?

ரெட்லைன்

தம்பி, இறக்குமதி இரட்டை கேம் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் வா.

நாலுசிலிண்டர்

பட்டறைப் பையன் கொண்டுவந்தது வெறும் சங்கிலியும் பிளாக்கும்தான். கீழ்க்கொக்கி எங்கே?

புழுதிச்சாமி

கொக்கி தேய்ந்துபோயிருந்தது, ஆபத்து என்று மாற்றச் சொன்னேன். அது இருக்கட்டும். வெட்டினீர்களா, இல்லையா?

நாலுசிலிண்டர்

கொக்கி.