புதுப்பிப்பு: ஆடு கொடுத்த 12 குடும்பங்கள்

போன ஆடியில் இங்கே புலம்பியிருந்தேன். எங்கள் சின்ன அறக்கட்டளை 12 குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளாடு கொடுத்தது. ஒரே மாதத்தில் ஒன்பது செத்துப்போயின. ஆட்டுக்கொல்லி நோய். தடுப்பூசி போடாமல் சந்தையிலிருந்து நேரே கொடுத்தது என் அவசரம்.

வங்கதேசத்தில் வறுமை ஒழிப்புக்காக வேலை செய்யும் 'பிராக்' தொண்டு அமைப்பைப் பார் என்றீர்கள் சிலர். பார்த்தேன். 2002இல் பரம ஏழைகளுக்காக அவர்கள் தொடங்கிய திட்டத்தில் ஆடு மாடு ஒரு பகுதிதான். வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை, சேமிப்பு, வீடு தேடி வந்து விசாரிக்க ஓர் ஆள், இப்படி இரண்டு வருடம். நாங்கள் கயிற்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்கள்!

இந்தமுறை கொடுத்த ஆடுகளுக்கு முதலில் மூன்று வாரம் தனிக்கொட்டகை, ஊசி, பிறகுதான் வீடு. செவ்வாய்தோறும் நானே போகிறேன். போன வாரம் கிடாயைக் கேட்டு வியாபாரி வந்தபோது ஓர் அக்கா கயிற்றை விடவே இல்லை. "பக்ரீத் வரட்டும் சார், அப்ப பேசிக்கலாம்." அவர் கணக்கு என்னுடையதைவிடச் சுத்தம்.

இரண்டு குடும்பங்கள் மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டன. நன்கொடையாளர்களுக்கான அறிக்கையில் அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.