உபாகமம் 15, யூபிலி நிலக் கணக்கு: வேதபாடத்துக்கு உதவி தேவை

வேதபாட_நடத்துநர் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் நான்கு வார வேதபாடத்துக்கு உபாகமம் 15, லேவியராகமம் 25 இரண்டையும் எடுத்திருக்கிறோம். இரண்டு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

முதலாவது, உபா. 15:4 எளியவன் உங்களுக்குள் இருக்கமாட்டான் என்கிறது. ஏழு வசனம் தள்ளி, 15:11 எளியவர்கள் தேசத்தில் இல்லாமற்போவதில்லை என்கிறது. பெத்தானியாவில் ஆண்டவர் சொன்ன "தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்" என்ற வார்த்தையையும் இதோடு சேர்த்து, வறுமை தேவசித்தம், தானதர்மம் செய்தால் போதும் என்று வாதிடுகிறவர்கள் வகுப்பிலேயே உண்டு. என்ன பதில் சொல்வது?

இரண்டாவது, யூபிலியில், அதாவது ஐம்பதாம் வருஷமாகிய விடுதலை வருஷத்தில், விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும் என்பது தெரியும். அதற்கு முன்பு விற்றால் விலையை எப்படிப் போடுவார்கள்? பலகையில் எழுதிக் காட்டும்படி ஒரு கணக்கு வேண்டும்.

எபிரெய_வாசகன்:

4ஆம் வசனத்தை 5ஆம் வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டு நடந்தால் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. 11ஆம் வசனம் கீழ்ப்படியாத நிஜ நிலைமையைச் சொல்லி, உடனே கட்டளைக்குப் போகிறது: ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற. அந்த "ஆகையால்" என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக் காட்டுங்கள். முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் கட்டளை சாக்குப்போக்காகிவிடும்.

ஆண்டவர் பாதி வசனம்தான் சொன்னார். கேட்டவர்களுக்கு மீதிப் பாதி தெரியும். மாற்கு 14:7 அதை வெளிப்படையாகவே சேர்க்கிறது: மனதுண்டாகும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம். மத்தேயு 26:11, யோவான் 12:8 இரண்டிலும் இந்த வரி இல்லை. வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டையே காட்டுவார்கள், ஆகவே மாற்குவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்தலர் 4:34ஐயும் விடாதீர்கள். அவர்களில் ஒருவனுக்கும் குறைவிருந்ததில்லை என்று லூக்கா எழுதுவது உபா. 15:4ஐ மனதில் வைத்தே என்பது என் கருத்து. மோசே வைத்த நிபந்தனை எருசலேம் சபையில் நிறைவேறியது என்று அவர் காட்டுகிறார். அதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டாம். விற்குமுன் அது உன்னுடையதாக இருந்ததல்லவா என்று நிலத்தை விற்ற அனனியாவிடம் பேதுரு கேட்கிறார் (5:4). தேவை எழுந்தபோது விற்றார்கள். அவனவனுக்குத் தேவையானபடி பகிரப்பட்டது.

நிலமும்_நீதியும்:

கணக்குக்கு வருகிறேன். அடிப்படை லேவி. 25:15-16. விற்பது நிலத்தை அல்ல, யூபிலி வரைக்குமான விளைச்சல்களை. வருஷம் அதிகமானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். நம் பக்கத்தில் ஒத்தி என்று சொல்வதற்குக் கிட்டே வரும், ஆனால் காலம் முடிந்ததும் பணம் திருப்பிக் கொடுக்காமலே நிலம் வந்துவிடும்.

ஒரு விளைச்சலுக்கு ஒரு சேக்கல் (நிறுத்துக் கொடுக்கிற வெள்ளி) என்று வைப்போம். லேவி. 27:16 ஒரு கலம் வாற்கோதுமை விதைக்கிற வயலுக்கு 50 சேக்கல் மதிப்பு வைக்கிறது. அது நேர்ந்துகொண்ட வயலுக்கான மதிப்பு, சந்தை விலை அல்ல. ஆனாலும் யூபிலி முதல் யூபிலி வரை என்று பார்த்தால் வருஷத்துக்கு ஒரு சேக்கல் என்ற விகிதம் ஏறக்குறைய அதுதான்.

30ஆம் வருஷத் தொடக்கத்தில் ஒருவன் வயலை விற்கிறான். யூபிலி 50ஆம் வருஷம். நடுவில் 30 முதல் 49 வரை 20 வருஷங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 35, 42, 49 ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஓய்வு வருஷங்கள், விதைப்பு இல்லை. வேதம் பலனுள்ள வருஷங்களை எண்ணச் சொல்கிறது. ஆகவே விலை 17 சேக்கல், 20 அல்ல.

எட்டு வருஷம் கழித்து, 38ஆம் வருஷத் தொடக்கத்தில், அவனுக்குக் கொஞ்சம் கை நிமிர்கிறது. வாங்கினவன் எட்டு வருஷத்தில் ஏழு விளைச்சல் எடுத்துவிட்டான். மீதி பத்து. பத்து சேக்கல் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் (25:27). அவனால் முடியாவிட்டால் நெருங்கிய இனத்தான் மீட்க வேண்டும் (25:25). அவனும் இல்லையென்றால் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாளில் எக்காளம் ஊதும்போது நிலம் தானாகத் திரும்பும். காரணம் 25:23: தேசம் கர்த்தருடையது, நீங்கள் அவரிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும்.

மதில்சூழ்ந்த பட்டணத்து வீடு இதில் சேராது. ஒரு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் வாங்கினவனுக்கே நிரந்தரம் (25:29-30). மதிலில்லாத கிராமத்து வீட்டை வயலைப் போலவே எண்ண வேண்டும். இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் காப்பாற்றப்படுவது சொத்து அல்ல, குடும்பத்தின் பிழைப்புக்கான வழி.

சபைவரலாறு_ஆர்வலர்:

மேலே உள்ளது சரி. ஆனால் சட்டம் எங்கே உடைந்தது என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். இஸ்ரவேல் ஒரு யூபிலியை ஆசரித்ததாக வேதத்தில் எந்தப் பதிவும் இல்லை.

முதல் உடைப்பை மோசேயே முன்னறிந்தார். ஏழாம் வருஷத்தில் கடன்கள் ரத்தாகும் என்பதால், அது நெருங்கும்போது கடன் கொடுக்க மறுப்பார்கள் என்று உபா. 15:9 எச்சரிக்கிறது. அதேதான் நடந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஹில்லேல் என்ற யூதப் போதகர் புரோஸ்புல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் வருஷம் அந்தக் கடனை ரத்து செய்யாது. ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும் விடுதலையின் பல் பிடுங்கப்பட்டது.

இரண்டாவது எரேமியா 34. யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் நாளில் அடிமைகளை விடுதலையாக்கி, பிறகு திரும்பவும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆமோஸ் 8:5: மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையைக் கூட்டி, கள்ளத்தராசு பிடித்தார்கள். தானியம் விற்கும்போது அளவு குறைகிறது, வெள்ளி வாங்கும்போது எடை கூடுகிறது. ஏழை இரண்டு முனையிலும் இழக்கிறான். இதைத் தராசும் படியும் வைத்துச் செய்து காட்டினால் வகுப்புக்கு மறக்காது.

வேதபாட_நடத்துநர்:

மிக்க நன்றி. விளைச்சல் எண்ணுகிற விஷயம் புதிது. ஒன்று உறுத்துகிறது: லேவி. 25:44-46 புறஜாதியாரை நிரந்தர அடிமையாக வைக்கலாம் என்கிறதே. வாலிபர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

எபிரெய_வாசகன்:

மழுப்ப வேண்டாம். யூபிலியின் விடுதலை இஸ்ரவேலருக்கு மட்டும்தான், கடன் ரத்தும் அப்படியே (உபா. 15:3). இந்த எல்லை நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே நியாயப்பிரமாணத்தில் அந்நியனுக்குச் சாதகமானதும் உண்டு. கூலிக்காரன் உன் சகோதரனானாலும் தேசத்தில் இருக்கிற அந்நியனானாலும், பொழுதுபோகுமுன்னே கூலியைக் கொடு (உபா. 24:14-15). வயலில் மறந்த அரிக்கட்டு அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் (24:19). தசமபாகம் பற்றிப் பேசும்போது 14:28-29ஐயும் வாசியுங்கள்: மூன்றாம் வருஷத்துப் பாகம் ஊர் வாசல்களுக்குள்ளே வைக்கப்பட்டு, லேவியனும் அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் புசித்துத் திருப்தியாக வேண்டும். மல்கியா 3:10 பிரசங்கிக்கப்படுகிற அளவுக்கு இது பிரசங்கிக்கப்படுவதில்லை.

ஒரு மொழிக் குறிப்பு. உபா. 15:11இல் எபிரெயத்தில் இரண்டு சொற்கள்: ஆனி, எவ்யோன். முன்னது ஒடுக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டவன், பின்னது கையில் ஒன்றுமில்லாதவன். "சிறுமைப்பட்டவன்", "எளியவன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு பிரித்திருப்பது நல்ல தேர்வு. வறுமை இல்லாமையால் மட்டும் வருவதில்லை, ஒருவன் மிதித்ததாலும் வருகிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் கவனம் தேவை. மத்தேயு 5:3இல் "எளிமையுள்ளவர்கள்", லூக்கா 6:20இல் "தரித்திரர்" என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் இரண்டும் ப்தோகோஸ் என்ற ஒரே சொல்தான்.

நிலமும்_நீதியும்:

நான்காம் வாரத்துக்கு நெகேமியா 5ஐப் பரிந்துரைப்பேன். மூன்று கூட்டம் வந்து முறையிடுகிறது: தானியம் இல்லாதவர்கள், நிலத்தை அடகு வைத்தவர்கள், ராஜாவின் தீர்வைக்காகக் கடன் வாங்கினவர்கள். பிள்ளைகளே அடிமையாகப் போகிறார்கள். நெகேமியா முதலில் பெரிய மனுஷரைக் கடிந்து, சபை கூட்டுகிறார். பிறகு வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, நூற்றுக்கொன்று வட்டி அனைத்தையும் அன்றைக்கே திருப்பித் தரச் சொல்கிறார் (5:11). வாய்வார்த்தையோடு விடவில்லை: ஆசாரியர்களை அழைத்து ஆணையிடுவிக்கிறார், தன் வஸ்திரத்தை உதறிக் காட்டுகிறார். தாமும் கடன் கொடுத்ததை 10ஆம் வசனத்தில் ஒப்புக்கொள்கிறார். பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை (5:14). வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முறையீட்டைக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற பிரமாண வசனத்தை லேவி. 25, உபா. 15, 24இல் தேட விடுங்கள். நாற்பது நிமிஷம் தாராளமாகப் போதும்.