கரையில் சேகரித்த கிழிந்த வலைகளை எங்கே கொடுப்பது?

எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஞாயிறுதோறும் பறவை பார்க்கச் செல்லும் நாங்கள் ஆறு பேர், பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால், மணலில் புதைந்துகிடக்கும் கிழிந்த நைலான் வலைகளைத் தை மாதம் முதல் சேகரித்து வருகிறோம். ஒரு வலையில் நண்டு ஒன்று உயிரோடு சிக்கியிருந்தது. கண்ணி கண்ணியாக அறுத்து அதை விடுவிக்கக் கால்மணி நேரம் ஆனது.

இப்போது திருவொற்றியூரில் என் வீட்டு மாடியில் நான்கு சாக்கு வலை, மிதவையும் ஈயக்குண்டுமாக நாறிக்கொண்டிருக்கிறது. குப்பை வண்டியில் வாங்க மறுத்தார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஈயத்தை மட்டும் கேட்டார் (அவரைக் குறை சொல்ல முடியாது). காசிமேட்டில் வலை பின்னுபவர்களோ, இற்றுப்போன இந்த நூல் ஒட்டுப்போடக்கூட உதவாது என்றார்கள். எரித்தால் நச்சுப்புகை வரும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மறுசுழற்சிக்காக இத்தகைய வலைகளை வாங்கிக்கொள்பவர்கள் வடசென்னையில் எங்கே இருக்கிறார்கள்?